மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள்: வடசென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் சின்னப் பிள்ளைகளை வளர்க்கும் அம்மாக்களும் அப்பாக்களும் ஆயாக்களும் (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் சொல்வோம்) என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவள், டாக்டர் இல்லை. உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளில், எப்போது, எங்கே போய்க் காட்டுவது என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்கு மூன்று வயது ஆகிறது. வீட்டில் என்ன சொல்லிக் கொடுப்பது? ஆன்லைனில் விற்கும் கல்விப் பொம்மை செட் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஆசைக்கு வாங்கினால் தப்பில்லை, ஆனால் அது இல்லாமல் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயந்து வாங்காதீர்கள். இந்த வயதில் கற்க வேண்டியது நிறம், எண்ணிக்கை, பெரிசு சின்னது, முன்னே பின்னே, ஒரே மாதிரி, வேறு மாதிரி. இவ்வளவும் உங்கள் அன்றாட வேலைக்குள்ளேயே கிடக்கிறது. நீங்கள் வாய் திறந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் லாரி வரும் தெருவா? வரிசையில் நிற்கும் குடங்களைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம், ஆரஞ்சு. "நம்ம குடம் எது? அதுக்கு முன்னாடி என்ன கலர்? பின்னாடி?" என்று கேளுங்கள். நிறமும் வரிசையும் ஒன்றாக வந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சொம்பையும் இரண்டு டம்ளரையும் கொடுத்து ஊற்றி விளையாட விடுங்கள். நிறைய, பாதி, காலி, வழியுது என்ற சொற்களுக்கெல்லாம் பிள்ளைக்கு அங்கேதான் பொருள் பிடிபடும். தரை நனையும். துடைப்பதையும் விளையாட்டிலேயே சேர்த்துவிடுங்கள். துணியைப் பிழிவது கைக்கு நல்ல பயிற்சி.

காசிமேட்டிலிருந்து மீன் வந்த நாள் இன்னும் நல்லது. ஒரு கூறு வாங்கி வந்து தட்டில் கொட்டினால் அதுவே ஒரு பாடம். சங்கரா சிவப்பு, நெத்திலி வெள்ளி, வவ்வால் தட்டை. சின்னது ஒரு பக்கம், பெரிசு ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொல்லலாம். எனக்குத் தெரிந்த ஒரு ஆயா, மீன் கழுவ உட்காரும்போது பேரனையும் எதிரே உட்கார வைத்துக்கொள்வார். "மூணு சங்கரா எடுத்துக் குடு" என்பார். அவன் ஒவ்வொன்றாக வைப்பான். பாதியில் நிறுத்தி, "எத்தினி ஆச்சு?" என்பார். அவன் தட்டைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து விரல் வைத்து எண்ணுவான். அரிவாள்மனையை எடுப்பதற்கு முன்னால் அவனை எழுப்பி விட்டுவிடுவார்.

இந்த "எடுத்துக் குடு" முக்கியம். ஒன்றிலிருந்து இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் நாலு ஸ்பூன் கேட்டுப் பாருங்கள், பல பிள்ளைகள் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். எண்ணின் பெயர் தெரிவதும், எண்ணி முடித்த கடைசி எண்தான் மொத்தம் என்று புரிவதும் தனித்தனி. ஒப்பிப்பது மூன்று வயதிலேயே வந்துவிடும். மொத்தம் என்னும் புரிதல் மூன்றரை, நாலு வயதில் மெல்ல வரும். அதனால் நூறு வரை ஓட்டாதீர்கள். ஐந்துக்குள் உறுதியாக இருந்தால் போதும்.

கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பெரியவர்களுக்குக் கடுப்பாக இருக்கும். பிள்ளைக்குக் கூட்ஸ் வண்டியைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. டேங்கர் எத்தனை, திறந்த பெட்டி எத்தனை, கடைசிப் பெட்டி எப்போது வரும் என்று பேசிக்கொண்டே நில்லுங்கள். பஸ் எண்ணும் அப்படித்தான். பெரம்பூரில் இருப்பவர்களின் பிள்ளைகள் பலர் எழுத்துக்கு முன்னாலேயே 29சி-யைப் படித்துவிடுகிறார்கள்.

எங்கள் வீடு ஒரே அறை. ஓடியாட இடமில்லை. என்ன செய்வது?

மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 3 மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரே மூச்சில் இல்லை, நாள் முழுக்கச் சேர்த்து. சந்து, மாடிப்படி, மொட்டை மாடி எல்லாம் கணக்கில் வரும். மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவர் பிள்ளையின் மார்பைவிட உயரமாக இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். நாலு கட்டம் போட்டால் பாண்டி. நாலு வயதில் ஒரு காலில் சில வினாடி நிற்க வரும், நொண்டி அடிப்பது அதற்குப் பிறகு. வராவிட்டால் இரண்டு காலாலும் குதிக்கட்டும். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே தலையணையைத் தாண்டலாம், கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போகலாம். சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்குள் ஒரு சுற்று, சாயங்காலம் கடல்காற்று வந்த பிறகு ஒரு சுற்று.

பக்கத்து வீட்டுப் பையன் எல்.கே.ஜி.யிலேயே ஏ, பி, சி, டி முழுக்க எழுதுகிறான். என் மகன் பென்சிலையே பிடிக்க மாட்டேன் என்கிறான்.

அவன் விரல் இன்னும் தயாராகவில்லை. இதில் சோம்பேறித்தனமும் இல்லை, மந்தமும் இல்லை. பிள்ளைகள் வரையும் வடிவங்களுக்கு ஒரு வரிசை உண்டு. ஏறக்குறைய மூன்று வயதில் வட்டம், நாலு வயது வாக்கில் கூட்டல் குறி, அதற்குப் பிறகு சதுரம், ஐந்தை ஒட்டி முக்கோணம். சாய்வுக் கோடு கடைசியில்தான் வரும். முக்கோணமே வராத கையில் போய் கே, எக்ஸ் எழுது என்றால் எப்படி எழுதும்? மூன்று விரலால் பென்சிலைப் பிடிப்பதும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலரை, ஐந்தில்தான் நிலைக்கிறது. அதற்கு முன் கையை மூடி முஷ்டியால் பிடித்தால் விட்டுவிடுங்கள்.

தமிழ் எழுத்திலும் நாம் கடினமானதிலிருந்து ஆரம்பிக்கிறோம். விஜயதசமி அன்று மடியில் உட்கார வைத்து அரிசியில் 'அ' எழுத வைப்பது நல்ல சடங்கு, செய்யுங்கள். மறுநாளிலிருந்து தினமும் பத்து 'அ' எழுது என்று நோட்டுப் போடாதீர்கள். சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த எழுத்து அது. 'ட' இரண்டு கோடு, 'ப' மூன்று கோடு. 'ட', 'ப', 'ம' என்று போனால் கைக்கு எளிது. 'படம்', 'பட்டம்' என்று உடனே சொல்லும் கிடைத்துவிடும்.

அதுவரை விரலுக்கு வேலை கொடுங்கள். பச்சைப் பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது, கொடியில் துணி கிளிப் மாட்டுவது, பூண்டுத் தோல் எடுப்பது, ஈர மணலில் விரலால் கிறுக்குவது. அம்மா கோலம் போடும்போது பக்கத்தில் ஒரு சாக்பீஸ் கொடுத்தால், நாலு புள்ளி வைத்துச் சேர்க்கட்டும். நாலு வயதுக்கு மேல் பல்லாங்குழி வைக்கலாம். ஒவ்வொரு குழியிலும் ஒரு சோழி போட்டுக்கொண்டே போவதில் எண்ணிக்கையும் விரலும் சேர்ந்து பழகும்.

பள்ளியிலேயே எழுத்து வீட்டுப்பாடம் தருகிறார்கள் என்றால், டீச்சரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். "ஒரு வரி மட்டும் எழுதட்டும், மீதியை வாயால் சொல்லட்டும்" என்று கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே எழுதி முடிக்கும் நோட்டால் யாருக்கு என்ன லாபம்?

இடது கையால் எழுதுகிறாள். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். சாப்பிட வலது கை என்று பெரியவர்கள் வற்புறுத்தினால் அதை மெல்லப் பழக்கலாம். பென்சில், கத்தரிக்கோல், பந்து எல்லாம் அவள் இஷ்டம்.

பால்வாடியில் போடலாமா, ப்ளே ஸ்கூலில் போடலாமா?

நேரில் போய்ப் பார்த்து முடிவெடுங்கள். பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பது. கட்டணம் இல்லை. மதியம் சூடான சாப்பாடு, முட்டை, சத்துமாவு, எடை உயரம் பார்ப்பது, வைட்டமின் ஏ சொட்டு மருந்து எல்லாம் அதோடு வருகிறது. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் உண்டு. பெயருக்கு ஏற்ற மாதிரி அதில் பாட்டும் விளையாட்டும்தான் அதிகம், அது இந்த வயதுக்குச் சரியான வழி. குறை என்று சொன்னால் சில மையங்களில் இடம் நெருக்கம். சில இடங்களில் ஒருவரே சமையலையும் பிள்ளைகளையும் பார்க்கும்படி ஆகிவிடுகிறது.

ப்ளே ஸ்கூலில் சுவர் முழுக்கப் படம் இருக்கும், ஏ.சி. இருக்கும், சீருடை இருக்கும். அதைப் பார்த்து மயங்காமல் சிலவற்றைக் கவனியுங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, அல்லது வாயில் விரலை வைத்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களா? அழும் பிள்ளையை யாராவது தூக்குகிறார்களா? கழிப்பறை எங்கே, கூட யார் போகிறார்? கேட் பூட்டியிருக்கிறதா? மாடியில் இருந்தால் படிக்கட்டுக்குத் தடுப்பு உண்டா? நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய் நின்றால் உள்ளே விடுகிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் "விட மாட்டோம்" என்றால் நான் அந்த இடத்தில் சேர்க்க மாட்டேன்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. மாநகராட்சிப் பள்ளிகளிலும் மழலையர் வகுப்பு நடக்கிறது. உங்கள் வார்டுப் பள்ளியில் இருக்கிறதா என்று ஒரு எட்டு போய் விசாரியுங்கள். ஒன்றாம் வகுப்புக்குள் அதே வளாகத்திலேயே நுழைவதால் பிள்ளைக்குப் புது இடம் என்ற பயம் இருக்காது.

ஆர்.டி.இ.யில் இலவச இடம் கிடைக்குமா?

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் சேர்க்கை தொடங்கும் வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசை நீளம்.

இரண்டே முக்கால் வயது ஆகியும் சரியாகப் பேசவில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று மாமியார் சொல்கிறார். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். அப்பா தாமதமாகப் பேசியிருக்கலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பரிசோதனை செய்வதால் எதுவும் கெட்டுப்போகாது.

பொதுவாக இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்க்க வேண்டும். மூன்று வயதில் சின்ன வாக்கியம் வரும், வெளியார் கேட்டால் பெரும்பகுதி புரியும். நாலில் கிட்டத்தட்ட எல்லாமே புரிய வேண்டும். 'ர', 'ற', 'ழ' சரியாக வராதது இந்தக் கணக்கில் சேராது. 'ரயில்' 'லயிலு' ஆவதும், 'பழம்' 'பயம்' ஆவதும் ஐந்து, ஆறு வயது வரை சாதாரணம். (அப்புறம் நம் ஊரில் 'ழ'வைப் பெரியவர்களே எத்தனை பேர் சொல்கிறார்கள்? பிள்ளையைத் திருத்தும் முன் கண்ணாடி பார்த்துக்கொள்ளலாம்.)

முதலில் காதைச் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையலாம். சத்தம் கேட்டால் திரும்புகிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், பேச்சின் மெல்லிய ஒலிகள் அதற்குக் கேட்டிருக்காது. ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ காட்டலாம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் பள்ளி சிறார் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். 2013 முதல் நாடு முழுக்க நடக்கும் தேசியத் திட்டம் அது. குறை கண்டால் மேல் சிகிச்சைக்கும் அவர்களே அனுப்புவார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போங்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளை "தண்ணி" என்றால், "தண்ணி வேணுமா? ஜில் தண்ணி வேணுமா, சொம்புத் தண்ணி வேணுமா?" என்று நீட்டிப் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளை பதிலுக்கு யோசிக்க நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் நாமே பதிலையும் சொல்லிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். குழம்பிவிடாதா?

குழம்பாது. வடசென்னையில் தெலுங்கு, உருது, மார்வாடி பேசும் வீடுகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பிள்ளை வளர்த்திருக்கின்றன. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலப்பது நோயும் இல்லை, தாமதமும் இல்லை. சொற்களை எண்ணினால் எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். தப்பு எங்கே நடக்கிறது என்றால், பள்ளியில் சொன்னார்கள் என்று அம்மா தனக்கு வராத இங்கிலீஷில் "கம், சிட், ஈட்" என்று மூன்று சொல்லில் பேச்சை முடித்துக்கொள்வதில். உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்ல வருமோ, சண்டை போட வருமோ, அதிலேயே பேசுங்கள்.

திடீரென்று திக்கித் திக்கிப் பேசுகிறான்.

இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகளுக்கு வந்து போகும். "மெதுவா பேசு" என்று சொல்லாதீர்கள், வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள், அண்ணன் அக்காவைக் கிண்டல் செய்ய விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ, பேசவே பயந்தாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

செல்போன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஷிப்ட் முடித்து வந்த உடம்பில், போனைக் கொடுத்து ஊட்டிவிடுவது எவ்வளவு வசதி என்று எனக்குத் தெரியும். குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் நிறுத்தத்தான் வேண்டும்.

இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதைவிடக் குறைந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஒரே நாளில் எல்லா நேரத்தையும் குறைக்கப் போனால் வீடு போர்க்களம் ஆகிவிடும். முதலில் சாப்பாட்டு நேரத்தை மட்டும் எடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. சனி, ஞாயிறு என்று வீட்டில் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள். முதல் சில நாள் அழும், குறைவாகச் சாப்பிடும். ஆரோக்கியமான பிள்ளை அதனால் இளைத்துவிடாது. தட்டைத் தரையில் வைத்து, நீங்களும் கூட உட்கார்ந்து, அதன் கையால் எடுத்துச் சாப்பிட விடுங்கள். பாதி கீழே போகட்டும்.

"போன் ரிப்பேர்", "போனை பூதம் எடுத்துட்டுப் போச்சு" என்று கதை கட்ட வேண்டாம். பத்து நிமிஷம் கழித்து அதே போனில் நீங்கள் பேசுவதைப் பிள்ளை பார்க்கும். "சாப்பிடும்போது போன் கிடையாது" என்று சொன்னால் போதும். அது அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தை டி.வி.யில் பார்க்க விடுங்கள், கூட உட்காருங்கள். கையில் இருக்கும் போன் ஒன்று முடிந்தால் அடுத்ததைத் தானே கொண்டுவரும், முடிவே கிடையாது. தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை.

சாப்பிடவே மாட்டேன் என்கிறாள். எடை ஏற டானிக் கொடுக்கலாமா?

ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறையும். எடைக் கோடு வளர்ச்சி அட்டையில் மேலே போய்க்கொண்டிருந்தால் கவலை இல்லை. காலையில் டீயில் பிஸ்கட், பதினோரு மணிக்கு ஐந்து ரூபாய் பாக்கெட், நாலு மணிக்கு மறுபடி டீ என்று போனால் சோற்றுக்கு இடம் ஏது? டீ சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தையும் உடம்பில் சேர விடாது. முட்டை, முருங்கைக்கீரை, முள் எடுத்த மீன், பருப்பு போதும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரையை விட்டுவிடாதீர்கள். டானிக் டாக்டர் எழுதினால் மட்டும்.

அடம் பிடித்து ரோட்டில் புரள்கிறான். ஒரு அடி வைத்தால்தான் அடங்குகிறான்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். பிள்ளை மாடு இல்லை. அடித்தால் அந்த நிமிஷம் அடங்குவது உண்மைதான், பயத்தில் அடங்குகிறான். மறுநாள் தம்பியையோ வகுப்பில் பக்கத்துப் பிள்ளையையோ அதே மாதிரி அடிப்பதை நான் பார்க்கிறேன்.

மூன்று வயதுப் பிள்ளைக்குக் கோபம் வரும், அதைச் சொல்ல வார்த்தை வராது. பசி, தூக்கம், வெயில் மூன்றில் ஒன்று இருந்தால் நிச்சயம் புரளும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மத்தியானம் ஒரு மணிக்குத் துணி எடுக்கக் கூட்டிப்போனால் நானே புரள்வேன். தூக்கி ஓரமாகக் கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடிக்க விடுங்கள். கேட்டதை அப்போது வாங்கித் தராதீர்கள். ஒரு தடவை தந்தால் அடுத்த தடவை இன்னும் சத்தமாகக் கேட்கும். அடம் ஆரம்பிக்கும் முன்பே தேர்வைக் கையில் கொடுப்பது இன்னும் நல்லது: "சிவப்புச் சட்டையா, மஞ்சள் சட்டையா?" எதைச் சொன்னாலும் சட்டை போட்டாகிவிடும்.

இன்னொன்று. "போலீஸ் மாமா பிடிச்சிட்டுப் போயிடுவார்", "டாக்டர் ஊசி போட்டுடுவார்", "பூச்சாண்டிகிட்ட குடுத்துடுவேன்" எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நாளைக்குப் பிள்ளை தொலைந்தால் போலீஸ்காரரைப் பார்த்து ஓடி ஒளியும்.

நான் ஒன்று சொன்னால் ஆயா ஒன்று சொல்கிறார். பிள்ளை அவர் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

ஆயா இருப்பது பெரிய வரம், முதலில் அதை வாயால் சொல்லிவிடுங்கள். பிறகு தனியாக உட்கார்ந்து இரண்டே விஷயத்தில் மட்டும் ஒரே பேச்சாக இருக்கும்படி கேளுங்கள், உதாரணத்துக்குப் போனும் அடியும். மற்றதில் அவர் இஷ்டத்துக்கு விடுங்கள். அவர் சொல்லும் கதை, விடுகதை, கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் எல்லாம் எந்தப் பள்ளியிலும் கிடைக்காது.

பள்ளியில் சேர்க்கும் முன் கழிப்பறைப் பழக்கம் வந்திருக்க வேண்டுமா?

வந்திருந்தால் நல்லது, வராததற்காகத் திட்டக் கூடாது. பகலில் இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்கிறதா, வருவதற்கு முன் சொல்கிறதா என்று பார்த்து ஆரம்பியுங்கள். ராத்திரி நனைப்பது ஐந்து வயது வரை சாதாரணம். நாலைந்து வீட்டுக்கு ஒரே கழிப்பறை இருக்கும் இடத்தில் பெரியவர்களுக்கான பீங்கான் குழியைப் பார்த்தே பிள்ளை பயப்படும். வீட்டில் பிள்ளைகளுக்கான சின்னக் கழிப்பறை இருக்கையில் (potty) பழக்கி, பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். ஜட்டியைத் தானே இறக்கத் தெரிவதும், சோப்புப் போட்டுக் கை கழுவத் தெரிவதும் ஏ, பி, சி, டி-யைவிட எல்.கே.ஜி.க்கு உதவும்.

அடிக்கடி இழுப்பு வருகிறது. வெளியே விளையாட விடலாமா? இன்ஹேலர் பழக்கமாகிவிடுமா?

இன்ஹேலர் பழக்கமாகாது. டாக்டர் சொன்ன அளவில், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்துக் கொடுத்தால் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகும். எண்ணூர், மணலிப் பக்கம் காற்றில் நெடி அடிக்கும் நாளிலும் போகிப் புகையிலும் வீட்டுக்குள் விளையாடட்டும். கொசுவத்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே இழுத்தால் உடனே மருத்துவமனை.

ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிப்போகலாம்?

பெரம்பூர் மேம்பாலத்தை ஒட்டிய முரசொலி மாறன் பூங்கா, ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகம் இரண்டும் இந்த வயதுக்கு ஏற்றவை. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் சும்மா ஒரு சவாரி போய் வந்தாலே போதும். கொஞ்ச தூரம் மேலே, பிறகு தரைக்கு அடியில். எப்போது இருட்டும் என்று பிள்ளை காத்திருக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை பல இடத்தில் மணல் போய்க் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்கள் வழுக்கும், அலை எப்போது ஏறும் என்று தெரியாது. பிள்ளையைக் கல்மேல் ஏற்றிப் போட்டோ எடுக்காதீர்கள்.

வீட்டில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?

தண்ணீர் நிறைந்த ட்ரம், பக்கெட், மூடாத சம்ப். தலை கனமான சின்னப் பிள்ளை அரை பக்கெட் தண்ணீரில் கவிழ்ந்தாலும் எழ முடியாது. முழு வேர்க்கடலையையும் முழுத் திராட்சையையும் ஐந்து வயது வரை அப்படியே கொடுக்காதீர்கள், நசுக்கியோ நறுக்கியோ கொடுங்கள். மூக்கில் பட்டாணி போனால் நோண்டாதீர்கள், ஊறிப் பெரிதாகும். டாக்டர் எடுக்கட்டும். ரிமோட்டிலும் வெளிச்சப் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். "மலத்தில் வந்துவிடும்" என்று காத்திருக்காமல் ஓடுங்கள்.

தீபாவளி, ரம்ஜான் கூட்டத்தில் தொலைந்துவிட்டால்?

நாலு வயதுக்குள் தன் பெயர், அம்மா அப்பாவின் உண்மையான பெயர், தெருப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். "அம்மா பேரு என்ன?" என்றால் "அம்மா" என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. போன் எண்ணைத் தினமும் பல் தேய்க்கும்போது ராகம் போட்டுச் சொல்ல வைத்தால் நாலரை வயதில் பத்து இலக்கமும் வந்துவிடும். வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பும் முன் அன்றைக்குப் போட்டிருக்கும் உடுப்போடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போன் எண்ணைப் பேனாவால் பிள்ளையின் முன்கையில் எழுதுங்கள், சட்டைக்கு வெளியே பெயர் தெரியும்படி எதுவும் மாட்டாதீர்கள். கை விட்டுப்போனால் ஓடாமல் அதே இடத்தில் நின்று அம்மா பெயரைச் சத்தமாகக் கூப்பிடவும், குழந்தையோடு இருக்கும் வேறொரு அம்மாவிடமோ போலீஸ்காரரிடமோ சொல்லவும் வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். காணவில்லை என்று தெரிந்ததும் 112-க்கோ, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ உடனே அடியுங்கள். கடை கடையாகத் தேடுவதை ஒருவர் செய்யட்டும், இன்னொருவர் பிள்ளை கடைசியாக நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது.